கோட்டிங் காயணும்

வாங்க தம்பி, வாங்க. கோவில்பட்டில இருந்து போன் பண்ணினது நீங்கதானே? நல்ல வெயில்ல வந்திருக்கீய. முதல்ல இந்த மோரக் குடிங்க. கார் எங்கயும் ஓடிப் போயிராது. அந்தா போர்ட்டிகோல நிக்கில்லா, அதுதான்.

கிட்டப் போய்ப் பாருங்க. தொட வேண்டாம். மோதிரம் போட்டிருக்கீய, அதுக்குத்தான் சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீய. மோதிரம் உரசினா மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். இப்பத் தெரியாது. சாயங்கால வெயில் சாஞ்சு அடிக்கும்போது தெரியும். வெள்ளை வண்டின்னா நூறு கோட்டை மறைச்சிரும். இது கருநீலம், ஒண்ணைக்கூட மறைக்காது. இப்பச் சொல்லுங்க, இதை ஏழு வருசத்து வண்டின்னு யாராவது சொல்லுவாங்களா?

எதுக்கு விக்கீயன்னு போன்லயே கேட்டீய. நேர்ல வாங்க சொல்லுதேன்னேன். இவ்வளவு நல்லா வச்சிருக்கவன் விக்கான்னா உள்ள என்னமோ குறை இருக்குன்னு உங்களுக்குத் தோணும். தோணத்தான் செய்யும். பிள்ளைகள வச்சிக்கிட்டு பைக்ல போக முடியலன்னு வாங்க வந்திருக்கீய. உங்கள ஏமாத்துனா எனக்கு ஆகாது. வண்டில ஒரு குறையும் கிடையாது தம்பி. குறை வேற இடத்துல. அத நீங்க கேட்டா உங்களுக்கே தெரியும், என் மேல தப்பு இல்லன்னு.

நான் குவைத்துல இருபது வருசத்துக்கு மேல இருந்தவன். பெயிண்டர். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டர் இல்ல, எண்ணெய் டாங்குக்கு அடிக்கிறது. சர்ச் கோபுரம் உயரத்துக்கு டாங்கு இருக்கும். மணலடிச்சுத் துருவ எடுத்து, அதுக்கு மேல ஒரு கோட்டு, அது காஞ்சபொறவு இன்னொரு கோட்டு. எங்க சூப்பர்வைசர் ஒரு மலையாளி, அவர் சொல்லுவாரு, ‘பெயிண்டு அழகுக்கில்லடா, இரும்பு சாகாம இருக்கதுக்கு’ன்னு. அது என் மண்டைக்குள்ள அப்படியே நின்னுட்டு. அதுலயும் காயவிடுதது இருக்கே, அதுதான் பெரிய வேலை. அடிக்கிறதுக்கு யாரும் அடிச்சிருவான். காயுத வரைக்கும் பொறுமையா இருக்கத் தெரியணும். காயாத கோட்டுல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சுன்னா அவ்வளவும் வீண், திரும்பவும் முதல்ல இருந்து சுரண்டணும்.

இங்க தூத்துக்குடில காத்தே உப்பு. கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம். வண்டிய ஒரு மாசம் கவனிக்காம விட்டுப் பாருங்க, கதவுக்கு அடிப்பக்கம் துரு பொரிப்பொரியாக் கிளம்பிரும். அதனால வண்டி வந்த நாள்ல இருந்து நான் யார்கிட்டயும் கழுவக் குடுக்கல. எல்லாம் என் கைதான். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடியே கழுவி முடிச்சிருவேன். ரெண்டு வாளி வேணும். ஒண்ணுல ஷாம்புத் தண்ணி, ஒண்ணுல சும்மா தண்ணி. துணிய அந்தச் சும்மா தண்ணில அலசி மண்ண உதறிட்டுத்தான் திரும்ப ஷாம்புல முக்கணும். ஒரே வாளில முக்கி முக்கித் தேய்க்கான் பாருங்க, அவன் கழுவல, உப்புத்தாள் போடுதான். மேல இருந்து கீழ வரணும். வெயில்ல செய்யக் கூடாது. துடைக்கும்போது இழுக்கக் கூடாது, துண்ட விரிச்சு ஒத்தி எடுக்கணும். காக்கா எச்சம் விழுந்தா அன்னைக்கே எடுத்துரணும், விட்டா பெயிண்ட அரிச்சிரும். நீங்க வாங்கினீயன்னா இதெல்லாம் நான் ஒருநாள் வந்து செஞ்சு காட்டுதேன், சும்மாவே.

எங்க வீட்டுக்காரி பேரு லில்லி புஷ்பம். அவளுக்கும் வண்டின்னா உயிர். ஈரத் தலையோட சாய்ஞ்சு உக்காராதன்னா உக்கார மாட்டா. கதவத் திறக்கும்போது வளையல மேல ஏத்திக்கோன்னா ஏத்திக்கிடுவா. பொறவு வளையலே போடாம வர ஆரம்பிச்சா. அதுக்கும் பொறவு பஜாருக்கு ஆட்டோலயே போய்ட்டு வந்திருவா. எதுக்கு உங்களுக்குச் சிரமம்னுவா. ஒரு வார்த்தை மாறாப் பேசினது கிடையாது தம்பி, அவ்வளவு தங்கமான மனுசி. ஒரே ஒரு தடவை, நான் பானட்டுல வாக்ஸ் தேச்சுக்கிட்டு இருக்கும்போது வாசல்ல நின்னு, “இந்தக் கை என் முதுகுக்கு ஒரு நாள் தைலம் தேச்சிருக்குமா”ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன்.

எதுக்கு இந்த வண்டி வாங்கினேன்னு சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். எங்களுக்கு ஒரே மக, பெனிட்டா. அவ பொறக்கும்போது நான் குவைத்துல. லில்லிக்கு வலி வந்தது உப்பளத்துப் பக்கம் அவ அம்மா வீட்ல. அந்தக் காலத்துல அங்க ஆட்டோ ஏது? உப்பு ஏத்திக்கிட்டு வந்த லாரிய மறிச்சு, டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்து ஆஸ்பத்திரிக்குப் போனா. எனக்குத் தெரிஞ்சது மறு வாரம் போன் போட்டப்போதான். அன்னைக்கே நான் சொன்னேன், ‘லில்லி, நம்ம பிள்ளைக்குப் பிரசவம்னா நம்ம சொந்தக் கார்ல, சீமாட்டி மாதிரிப் போவா பாரு’ன்னு. அதுக்காக வாங்கின வண்டி இது. இத நீங்க மனசுல வச்சிக்கிடணும். அவளுக்காக வாங்கின வண்டி.

பெனிட்டாவுக்குக் கல்யாணம் ஆச்சு, பாளையங்கோட்டைல குடுத்தோம். மருமகன் நல்ல பையன். போன கார்த்திகையில பிள்ள தலைப்பிரசவத்துக்கு வந்தா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பேரப்பிள்ளைய ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வரும்போது வண்டி எப்படி இருக்கணும்? கண்ணாடி மாதிரி இருக்க வேண்டாமா? அதனாலதான் தம்பி கோட்டிங் போடணும்னு நினைச்சேன். வாக்ஸ் இல்ல, செராமிக் கோட்டிங். சின்னக் குப்பிதான், கண்ணுக்கு மருந்து விடுத குப்பி மாதிரி இருக்கும். கடையில போட்டுத் தருவான், எனக்கு அவன் கை மேல நம்பிக்கை இல்ல. நானே வாங்கினேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் கிடந்துச்சு. கோட்டிங் போட்டா ஒரு நா முழுக்கத் தண்ணி படக் கூடாது, ஒரு வாரம் கழுவக் கூடாது. ரெண்டு வாரம் தாராளம்லா? கணக்குச் சரிதானே?

முதல்ல கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டி உண்டு, அத ஈரத்தோட தேச்சு ஒட்டிக்கிடந்த உப்பு, தார்ப்பொட்டு எல்லாத்தையும் எடுத்தேன். பொறவு பாலிஷ். மறுநா காலைல கோட்டிங். குட்டித் துணில நாலு சொட்டு விட்டு, நெடுக ஒரு தரம், குறுக்க ஒரு தரம். தேய்ச்ச இடத்துல எண்ணெய் மிதக்குத மாதிரி வானவில் ஓடும். அந்த நேரம் பாத்துத் துடைக்கணும். முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிட்டேன். நிமிந்து பாக்கேன், என் முகம் கதவுல தெரியுது. மூக்குல இருக்க மரு வரைக்கும் தெரியுது. பெனிட்டா வயித்தப் பிடிச்சிக்கிட்டு வாசல்ல வந்து பாத்தா. “சூப்பரா இருக்குப்பா”ன்னா. கிட்ட வராதம்மான்னேன். மருந்து வாடை பிள்ளைக்கு ஆகாதுன்னுதான் சொன்னேன்.

காலைல வானம் வெளுத்துத்தான் இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன். சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள கருத்துக்கிட்டு வந்து கொட்ட ஆரம்பிச்சிட்டு. இந்த ஊர் மழை தெரியும்லா உங்களுக்கு, பேஞ்சா தெரு கால்வாய் ஆயிரும். அந்நேரத்துல உள்ள இருந்து லில்லி கத்துதா. பெனிட்டாவுக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சிருச்சுன்னு.

இப்ப நான் சொல்லுதத நல்லாக் கேளுங்க, ஏன்னா எல்லாரும் இந்த இடத்தத்தான் தப்பாப் பேசுதாங்க. லில்லி, “காரை எடுங்க”ன்னா. நான் எடுக்க மாட்டேன்னு சொல்லல. அந்த வார்த்தை என் வாய்ல வரவேயில்ல. “இரு, ஆட்டோவக் கூப்பிடுதேன்”ன்னேன். ஆட்டோக்காரன், தெரு முக்குல தண்ணி கிடக்கு, வர முடியாதுன்னுட்டான். ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். வாரோம்னாங்க. ஆம்புலன்ஸ்னா சும்மாவா? படுக்க இடம் இருக்கு, ஆக்ஸிஜன் இருக்கு, கூட நர்ஸ் இருக்கு. கார்ல என்ன இருக்கு? நான் யோசிச்சது பிள்ளைக்காகத்தான்.

எவ்வளவு நேரம்னு கேட்டா, லில்லி ஒரு மணி நேரம்ங்கா. ஒரு மணி நேரம்லாம் இல்ல தம்பி. கால் மணி நேரம் இருக்கும். கூடிப் போனா அதுக்கு மேல கொஞ்சம்.

ஆம்புலன்ஸ் வருதான்னு பாக்க நான் வெளிய வந்தேன். உள்ள பிள்ள கத்துதா. மழைச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. கேட்டுச்சு, கேக்காம இருக்குமா, அப்பான்னு கத்துதா. நான் உள்ள போய் என்ன செய்ய? அது பொம்பளைங்க விசயம். எனக்கு அதெல்லாம் பழக்கமே கிடையாது. பாக்கேன், காத்து திரும்பிச் சாரல் போர்ட்டிகோக்குள்ள அடிக்குது. மொட்டை மாடிக்குப் போற படிக்குக் கீழ ஒரு தார்ப்பாய் கிடந்துச்சு. சும்மா நிக்குத நேரத்துக்கு அதையாவது கட்டுவோம்னு தூண்ல ஒரு முனையக் கட்டிட்டு, அடுத்த முனைய ஜன்னல் கம்பில கட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு கையில போன். ஆம்புலன்ஸ்காரன் லைன்லதான் இருக்கான். இத யாரும் சொல்ல மாட்டாங்க.

லில்லி வெளிய வந்தா.

“என்ன செய்தீய?”ன்னா.

“ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டே இருக்கு”ன்னேன்.

“அதக் கேக்கல. அது என்ன கட்டுதீய?”

“சாரல் அடிக்குதுல்லா”ன்னேன்.

ஏசியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஏசல. என்னப் பாத்தா, தார்ப்பாயப் பாத்தா, குடைகூட எடுக்காம மழைல இறங்கி எதுத்த வீட்டுக்கு ஓடினா. எதுத்த வீட்டு எட்வின் மீன் வண்டி வச்சிருக்கான். சின்ன யானைம்பாங்கல்லா, அந்தக் குட்டி லோடு வண்டி. அவன் கேள்வி ஒண்ணும் கேக்கல, வண்டிய ரிவர்ஸ்ல கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்திட்டான். பின்னால ஒரு மெத்தைய விரிச்சாங்க. ஐஸ் உருகின தண்ணி அப்படியே கிடக்கு, மீன் கவிச்சி குடலப் புடுங்குது. அதுல என் பிள்ளையத் தூக்கி வச்சாங்க. நான் கட்டின தார்ப்பாய எட்வின் இழுத்து அவுத்து அவளுக்கு மேல போட்டான். “அண்ணாச்சி, ஏறுங்க”ன்னான். ஏற எங்க இடம்? நான் மொபெட்ட எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனேன். முட்டளவு தண்ணி. நானும்தான் நனைஞ்சேன். அது யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஆம்புலன்ஸ் வந்துச்சு தம்பி. நாங்க போனதுக்கு அப்புறம் முக்கு வரைக்கும் வந்து நின்னுச்சாம். வரலன்னு இல்ல.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உள்ள கொண்டு போயிட்டாங்க. லில்லி வெளிய பெஞ்சில உக்காந்திருந்தா. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தா. சேலையெல்லாம் மீன் செதில் மினுங்குது. “செதில் ஒட்டியிருக்கு, தட்டி விடு”ன்னேன். அவ திரும்பவே இல்ல. வேற என்ன பேச?

பெண்பிள்ளை பொறந்துச்சு. கொடி கழுத்துல சுத்திக்கிடந்துச்சாம், மூச்சுத் திணறி நீலம் பாரிச்சுத்தான் பொறந்துச்சாம். கண்ணாடிப் பெட்டில வச்சாங்க. டாக்டரம்மா வெளிய வந்து, “இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க? இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் பொறுப்பில்ல”ன்னு லில்லியப் பாத்துக் கத்துனாங்க. லில்லி என்னப் பாக்கல. மழைங்க, அப்படின்னு மட்டும் சொன்னா. டாக்டர்மார் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, பிந்தியிருந்தா பிந்தியிருந்தான்னு. பிந்தலேல்லா? பிள்ள நல்லா இருக்கு. ஒரு வாரத்துல பெட்டிய விட்டு வெளிய வந்துட்டு, பால் குடிக்குது, வீல் வீல்னு கத்துது. ஒரு குறையும் இல்ல. குறை இல்லன்னா பொறவு எதுக்கு இவ்வளவு கோவம்?

வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு நான் வண்டியக் கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினேன். கோட்டிங் நல்லாப் பிடிச்சிருந்துச்சு. போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாக்கான், ‘புது வண்டியா அண்ணாச்சி’ங்கான். பின்சீட்டுல ஒரு பெரிய துவாலைய விரிச்சு வச்சிருந்தேன். பச்சப்பிள்ளை, சீட்டு சூடா இருக்குமேன்னு. பெனிட்டா பிள்ளையோட வந்தா. கதவத் திறந்து விட்டேன். குனிஞ்சு உள்ள பாத்தா. அந்தத் துவாலையவே கொஞ்ச நேரம் பாத்தா.

“பிள்ள கக்கிரும்பா”ன்னா.

“அதுக்குத்தாம்மா விரிச்சிருக்கேன்”ன்னேன்.

சொல்லக் கூடாதத ஒண்ணும் சொல்லிரலியே நான்? அவ கண்ணு கலங்கிட்டு. “வேண்டாம்ப்பா, அவங்க டாக்ஸி சொல்லிட்டாங்க”ன்னா. மருமகன் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கான். டாக்ஸி வந்துச்சு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பிள்ள, கைக்குழந்தையோட நேரா மாமியா வீட்டுக்குப் போறா. ஊர் என்ன பேசும்? லில்லி ஒரு பையோட வந்து அந்த டாக்ஸில ஏறினா. பிள்ளைக்கு உதவிக்கு ஆள் வேணும்லான்னா. சரி, நாப்பது நாள் இருந்துட்டு வருவான்னு நினைச்சேன். அவ பை கொஞ்சம் பெருசாத்தான் இருந்துச்சு. நான் அப்பக் கவனிக்கல.

கிறிஸ்மஸுக்கும் வரல. நான் கேக் வாங்கிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனேன். கேட்டுக்கு வெளியவே லில்லி வந்துட்டா, பிள்ள தூங்குதுன்னு. அங்கேயே வேப்பமரத்தடில நின்னு பேசினோம். நானே சொன்னேன், “லில்லி, உனக்கு வண்டி மேலதானே கோவம்? வித்திருதேன்”ன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா?

“வண்டி என்ன செஞ்சுச்சு பாவம்? வண்டிக்காகவா அன்னைக்கு நீங்க வெளிய நின்னீய? எனக்குத் தெரியாதா உங்கள? உங்களுக்குப் பயம். பிள்ள கத்துதத உங்களால கேக்க முடியல, அதுக்கு ஒரு கயிறு கிடைச்சுது, முடிச்சுப் போட்டுக்கிட்டே நின்னுட்டீய. பயமா இருந்துச்சு லில்லின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே உங்க கூட வந்திருப்பேன்.”

பயமாம், எனக்கு. நூறு அடி உசரத்துல பலகையில தொங்கிக்கிட்டு வேலை பாத்தவன் நான். எனக்கென்ன பயம்? அவகிட்டயும் அதையேதான் சொன்னேன். “எனக்கென்ன பயம்”னேன். அவ, “சரி, பாத்துப் போங்க”ன்னுட்டு உள்ள போய்ட்டா. நான் கேக்குப் பைய வாசல் கேட்டுக் கம்பில மாட்டிட்டு வந்தேன்.

வீட்ல இப்ப நான் மட்டும்தான். சோறு பொங்கத் தெரியும், குவைத்துல பொங்காததா? ஆனா இந்த மழை பேஞ்சுதுன்னா மட்டும் உள்ள இருக்க முடியல தம்பி. அந்த ரூமுக்குள்ள ஒரு சத்தம் கேக்குத மாதிரியே இருக்கு. எழும்பி வெளிய வந்து நின்னுக்கிடுவேன். அது பயம் இல்ல. வயசாச்சுல்லா, காதுல ஏதோ இரைச்சல். டாக்டர்கிட்டக் காட்டணும்.

நேத்துத்தான் லில்லி போன் போட்டா. வார ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். “பஸ்ல வாங்க”ன்னா. அவ்வளவுதான், வச்சிட்டா. நான் ராத்திரி முழுக்க அத நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். பஸ்லன்னு எதுக்குச் சொன்னான்னு முதல்ல மனசு நொந்துச்சு. பொறவு யோசிச்சேன், வாங்கன்னு சொல்லிட்டால்லா. வரவேண்டாம்னு சொல்லலியே. காலைல எழும்பினதும் உங்களுக்குத்தான் திரும்பப் போன் போட்டேன், இன்னைக்கே வந்து பாருங்கன்னு. சனிக்கிழமைக்குள்ள எடுத்துக்கிட்டீயன்னா நல்லது. வண்டி வாசல்ல நின்னா நான் எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

தம்பி, ஒண்ணு கேக்கேன், சிரிக்காதீய. கோயில்ல பிள்ளைய என் கையில குடுப்பாங்கன்னு நினைக்கேன். தாத்தா கையில குடுக்கத்தானே செய்வாங்க? ஆஸ்பத்திரில யாரும் குடுக்கல, நானும் கேக்கல. பெனிட்டாவ நான் மொத மொதல்ல பாத்தப்போ அவ நடக்க ஆரம்பிச்சிட்டா, ஏர்போர்ட்ல என்னக் கண்டு அழுதுக்கிட்டு அவ அம்மா சேலைக்குள்ள ஒளிஞ்சா. கைக்குழந்தைய நான் தூக்கினதே கிடையாது. தலை நிக்காதாமே, கழுத்துக்குக் கீழ கை குடுக்கணுமாமே. எந்தக் கைய எங்க வைக்கணும்? நீங்க ரெண்டு வளத்திருக்கீய. இந்தாங்க, இந்தத் துண்டச் சுருட்டித் தாரேன். பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டு ஒரு தடவை பிடிச்சுக் காட்டுங்க. மெதுவா. நான் பாத்துக்கிடுதேன்.